நரம்பு, சவ்வு, மூட்டு: கை, கால் அறுவை மருத்துவத்தில் சொல்லெல்லையும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

மருத்துவத் தமிழைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல் பற்றாக்குறையிலிருந்தே தொடங்குகின்றன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் ஆக்கப்பட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணமும் அவற்றில் உண்டு. எலும்பு, மூட்டு அறுவை மருத்துவத்தில், சிறப்பாகக் கை, பாதம், முழங்கால் ஆகிய உறுப்புகளைப் பொறுத்தவரை, நிலைமை வேறானது. இங்கு நோயாளியிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. அது நாள்தோறும் வழங்கும் சொல். கேட்ட உடனே பொருள் தருவது. ஆனால் உடற்கூற்றியல் மூன்றாகவும் நான்காகவும் பகுத்துக் காணும் பொருள்களை அச்சொல் ஒன்றாகவே சுட்டுகிறது. மருத்துவர் ஒரு பொருளை எண்ணிச் சொல்ல, நோயாளி வேறொரு பொருளைக் கொள்கிறார். இருவரும் ஒரே சொல்லையே பயன்படுத்துவதால் வேறுபாடு வெளியே தெரிவதில்லை.

நரம்பு, சவ்வு, மூட்டு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு இந்நிலையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பெங்களூரின் பிரேசர் டவுன் போன்ற பன்மொழிப் பகுதியின் சூழலும், வேலூரில் 1948 முதல் வளர்ந்த கை அறுவை மருத்துவமும், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த மருத்துவ மொழிபெயர்ப்பும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2. பிரேசர் டவுனின் மொழிச்சூழல்

பெங்களூர்க் கண்டோன்மென்ட் 1809-இல் நிறுவப்பட்டது. படையினரோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்குக் குடியேறினர். 1898-இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபின், நெரிசல் மிக்க குடியிருப்புகளுக்கு மாற்றாகத் திட்டமிட்ட புறநகர்கள் அமைந்தன. 1906-இல் உருவான பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. மைசூரில் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. புலிகேசி நகர் என்பது அதன் இன்றைய அலுவல்முறைப் பெயர். மக்கள் வழக்கில் பழைய பெயரே நிற்கிறது. தமிழ், தக்கணி உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கும் அங்குக் கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் அடுத்தடுத்துக் கேட்கும் மொழிகளாகும்.

இத்தகைய இடத்தில் எலும்பு மருத்துவரிடம் செல்லும் தமிழர் முதலில் எதிர்கொள்வது பெயர்ப்பலகை. கன்னடத்தில் எலும்பைக் குறிக்கும் சொற்களுள் ‘மூளெ’ என்பது பெருவழக்கு. தமிழ்ச் செவிக்கு அது ‘மூளை’யாகவே ஒலிக்கிறது. இதுபோன்ற இணைகள் பல உள்ளன.

(1) கன்னடம் மூளெ ‘எலும்பு’ : தமிழ் மூளை ‘தலையோட்டினுள் இருக்கும் உறுப்பு’
(2) கன்னடம் தோளு ‘புயம்’ : தமிழ் தோள் ‘கை உடலோடு சேரும் இடம்’
(3) கன்னடம் கீலு ‘உடலின் மூட்டு’ : தமிழ் கீல் ‘கதவின் கீல்’
(4) கன்னடம் ஸ்நாயு ‘தசை’ : வடமொழி மருத்துவ நூல்களில் ஸ்நாயு ‘எலும்புகளைக் கட்டும் நார்’

இவற்றுள் முதல் மூன்றும் முற்றிலும் அயலானவை அல்ல. தமிழ் லெக்சிகன் மூளைக்கு எலும்பின் உள்ளீடு என்ற பொருளையும் தருகிறது. பழந்தமிழில் தோள் என்பது புயத்தையும் குறித்தது. கீல் என்பது ‘கீல்வாதம்’ என்னும் நோய்ப்பெயரில் இன்றும் உடல்மூட்டைக் குறித்தே நிற்கிறது. ஒலி ஒத்தும் பொருள் விலகியும் இருக்கும் இச்சொற்களால் குழப்பம் நேர்ந்தால், அது விரைவில் வெளிப்பட்டுவிடும். எலும்பு மருத்துவரை மூளை மருத்துவர் என்று எண்ணி வந்தவருக்கு ஓரிரு வாக்கியங்களில் உண்மை தெரிந்துவிடும்.

இதைவிடக் கருத்தூன்றி நோக்கவேண்டியது, பொருள் விலகாத இடத்தில் நேரும் குழப்பம். கையிலோ காலிலோ கயிறுபோல் இழுபடும் எதையும் தமிழர் ‘நரம்பு’ என்கிறார். கன்னடியர் ‘நர’ என்கிறார். தக்கணி பேசுபவர் ‘நஸ்’ என்கிறார். இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால் மூவருமே முறையே நரம்பு, நர, நஸ் இழுத்துக்கொண்டதாகவே கூறுவர். இழுத்துக்கொண்டது உண்மையில் தசை. ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்றால் கிடைக்காதது இரத்தக்குழாய். ஆகவே ஒரு மொழியில் தெளிவாகாததை இன்னொரு மொழிக்கு மாறித் தெளிவாக்கலாம் என்னும் பன்மொழிச் சூழலின் வழக்கமான வசதி இங்குப் பயன்படுவதில்லை. மூன்று மொழிகளும் ஒரே இடத்தில், ஒரே வகையில், எல்லை வகுக்காமல் விட்டிருக்கின்றன. மொழிக்குடும்பம் வேறாயினும் பொருட்பகுப்பு ஒத்திருக்கும் வட்டாரக் கூறாக இதனைக் கருதலாம்.

3. நரம்பு என்னும் சொல்லின் பரப்பு

இன்றைய எழுத்துத்தமிழில் நரம்பு என்பது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உடலெங்கும் சென்று, உணர்வையும் இயக்க ஏவலையும் கடத்தும் உறுப்பைக் குறிக்கிறது. பாடநூல்களின் வழியாக நிலைபெற்ற பொருள் இது. சொல்லின் பரப்போ மிகப் பெரிது. சங்க இலக்கியத்தில் நரம்பு என்பது யாழில் கட்டப்படும் தந்தி. இலையில் ஓடும் கோடும் நரம்பே. பேச்சுவழக்கில் தசையை எலும்போடு கட்டும் நாணும், கையின் மேற்புறத்தில் நீலமாகத் தெரியும் இரத்தக்குழாயும், உணர்வு கடத்தும் நரம்பும் ஒருங்கே இப்பெயர் பெறுகின்றன. நீண்டு, ஒடுங்கி, முறுக்கேறி நிற்கும் இழை என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான கூறு. அவ்வடிப்படைப் பொருளுக்கு மிக அருகில் இருப்பது தசையின் நாணே எனலாம்.

இதனைத் தமிழின் குறையாகக் கொள்வதற்கு இடமில்லை. கிரேக்க மொழியின் ‘நியூரான்’ என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த ஹீரோபிலஸ் போன்றவர்களுக்குப் பிறகே, உணர்வு கடத்தும் உறுப்புக்கு அச்சொல் சிறிது சிறிதாக ஒதுக்கப்பட்டது. பழைய பொருளின் எச்சம் இன்றைய மேலை மருத்துவச் சொற்றொகுதியிலும் உள்ளது. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் தட்டையாக விரிந்திருக்கும் நார்விரிப்புக்கு ‘அப்போநியூரோசிஸ்’ என்று பெயர். அதில் நரம்பு என்பதற்கு இடமே இல்லை. ‘நியூரான்’ அங்கு நாண் என்ற பழம்பொருளில் உறைந்து நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒப்புமையும் இப்பொருட்பரப்புக்குக் காரணமாகும். மணிக்கட்டின் உட்புறத்தில் நடுநரம்பும் விரல்களுக்குச் செல்லும் நாண்களும் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் வெளிறிய நிறமுடைய, நீண்ட கயிறு போன்றவை. அங்குள்ள மெல்லிய நாண் ஒன்றை ஒட்டுக்காக எடுக்கும்போது நடுநரம்பைத் தவறாக எடுத்துவிட்ட நிகழ்வுகள் அறுவை மருத்துவ இதழ்களில் எச்சரிக்கைக்காகப் பதிவாகியுள்ளன. பயிற்சி பெற்ற கண்ணே பிழைபடக்கூடிய ஓரிடத்தைப் பொதுமக்களின் மொழி பிரித்துக் காணவில்லை என்பது வியப்புக்குரியதன்று.

எனினும் மருத்துவத்தில் இவ்வேறுபாட்டுக்குப் பெரும்பயன் உண்டு. கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் காயம்பட்டவரிடம் ‘இரண்டு நரம்பு அறுந்திருக்கிறது’ என்று மட்டும் கூறப்படுவதாகக் கொள்வோம். அறுந்தவற்றுள் ஒன்று நாண், மற்றொன்று நரம்பு. நாணைத் தைத்தபின் சில வாரங்கள் கையைக் கட்டில் வைத்து, முறையான பயிற்சியின் மூலம் விரலின் அசைவைத் திரும்பப் பெற முயல்வர். நரம்பைத் தைத்தால், வெட்டுண்ட இடத்திலிருந்து அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்னும் அளவில்தான் வளர்கிறது. விரல்நுனிக்கு உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஒரே சொல்லால் இரண்டையும் கேட்டவர், விரல் அசைந்ததும் ‘நரம்பு சரியாகிவிட்டது’ என்று கருதுவார். உணர்வற்ற விரல்நுனியில் சூடு படும்போது அவருக்குத் தெரியாது.

4. வேலூரின் கை அறுவை மருத்துவம்

இச்சொல்லின் விளைவை மிகக் கூர்மையாகக் காட்டுவது தொழுநோயாளரின் கைக்குச் செய்யப்பட்ட அறுவை மருத்துவமாகும். பிரேசர் டவுனுக்கு அருகிலுள்ள கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதை காட்பாடி வழியே போகிறது. காட்பாடியை அடுத்த வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில்தான் இம்மருத்துவம் உருப்பெற்றது.

இதனை உருவாக்கிய பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, குழந்தைப் பருவத்தை அங்கேயே கழித்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூருக்கு வந்தார். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை இராபர்ட் காக்ரேனுடன் சென்று கண்டபோது, நோயாளரின் மடங்கிய விரல்கள் அவர் கருத்தை ஈர்த்தன. அடுத்த ஆண்டு முதல் அவ்விரல்களைச் சீராக்கும் அறுவைகளை மேற்கொண்டார். 1955-இல் வேலூரை அடுத்த காரிகிரியில் தொழுநோய் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான நிலையம் உருவானது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார், 2003-இல் மறைந்தார்.

அறுவையின் அடிப்படை எளிது. விரலுக்குள் தசை இல்லை. விரலை அசைக்கும் தசைகளுள் சில முன்கையிலும் சில உள்ளங்கையிலும் இருக்கின்றன. அவற்றின் நாண்களே விரலெலும்புகளில் சென்று பற்றுகின்றன. தொழுநோய் முழங்கையருகே அல்நார் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்கின்றன. அதனால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அடிமூட்டில் பின்னோக்கி வளைந்து, நடுமூட்டில் மடங்கி நிற்கின்றன. நடுநரம்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் எல்லா விரல்களும் அவ்வாறாகும். அப்போது நலமாக உள்ள வேறொரு தசையின் நாணைப் பிரித்தெடுத்து விரல்களுக்கு மாற்றி இணைப்பர். பிராண்ட் கையாண்ட முறைகளுள் ஒன்றில், மணிக்கட்டைப் பின்வளைக்கும் தசையோடு காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை ஒட்டி, அதனை நான்கு கிளைகளாக்கி நான்கு விரல்களுக்கும் கொண்டுசென்றனர்.

இங்கு மாற்றப்படுவது நாண். நோயால் கெட்டது நரம்பு. நாணை மாற்றினால் அசைவு திரும்பும், தொடுவுணர்வு திரும்பாது. பிராண்டின் பணியில் அறுவைக்கு நிகரான இடம்பெற்றது மற்றொரு கண்டறிவு. தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தையும் கூரான கருவியையும் அஞ்சாமல் பற்றுகிறது. காயம் பட்டும் ஓய்வு கொள்வதில்லை. அவ்வாறு தொடரும் காயங்களே விரலைக் குறுக்குகின்றன. ஆகவே அறுவைக்குப்பின் நோயாளி அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது, கை அசையும், ஆனால் உணராது என்பதே. பின்வரும் இரு கூற்றுகளை ஒப்பிடலாம்.

(5) கையில் நரம்பை மாற்றி வைத்து விரலைச் சரிசெய்வோம்.

(6) முன்கையில் உள்ள தசை ஒன்றின் நாணை விரல்களோடு இணைப்போம். விரல்கள் நீளவும் மடங்கவும் செய்யும். தொட்டால் தெரியும் உணர்வு இதனால் திரும்பாது. சூடும் வெட்டும் கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தே கையைக் காக்க வேண்டும்.

கூற்று (5) இலக்கணப் பிழையற்றது, மக்கள் வழக்கை ஒட்டியது, எளிதில் விளங்குவது. ஆயினும் அது தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. நரம்பு கெட்டதால் கை மரத்தது என்று முன்பே கேட்டிருக்கும் நோயாளி, நரம்பை மாற்றினால் மரப்பு நீங்கும் என்று முடிவுசெய்வது இயல்பே. அவ்வாறு நம்பியவர், அசைவு பெற்ற கையை முன்னிலும் துணிவாகப் பயன்படுத்துவார். அறுவை தந்த விரலை ஒரு சொல் திரும்பப் பறித்துக்கொள்ளும்.

அறுவைக்குப் பிந்திய பயிற்சியிலும் மொழி இடையிடுகிறது. விரல்களை நேராக வைத்துக்கொண்டு அடிமூட்டில் மட்டும் வளைக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதன்மையான ஏவல். தமிழில் ‘விரலை மடக்கு’ என்றால் எல்லா மூட்டுகளும் ஒருசேர மடங்குவதே பொருள். ஆங்கிலத்தில் மூட்டைக் குறித்து வரும் வினையைத் தமிழில் விரலைக் குறித்து மொழிபெயர்த்தால் ஏவல் நேர்மாறாகிவிடும். ‘விரல் நீட்டியபடியே இருக்கட்டும், உள்ளங்கையோடு சேரும் அடிக்கணுவை மட்டும் மடக்குங்கள்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால்தான் செயல் சரியாக அமையும்.

பாதத்துக்கும் இதுவே பொருந்தும். பாதம் தொங்கிப்போனவருக்குக் கணுக்காலின் உட்புறமாக வரும் நாணை முன்புறத்துக்கு மாற்றுவர், நடை சீர்படும், உள்ளங்காலின் உணர்வு திரும்பாது. அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர்ச் செருப்பு வேலூர், காரிகிரிப் பணிகளோடு சேர்ந்து வளர்ந்தது இதனால்தான். இன்று நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு அதனை வாங்குகின்றனர். ‘மரத்துப்போதல்’ என்னும் வினையும் ஆய்வுக்குரியது. நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்ததால் கால் சற்றுநேரம் மரப்பதையும், நோயால் நிலையாக உணர்வறுவதையும் அது ஒருங்கே குறிக்கிறது. முதற்பொருள் தானே நீங்கும் தன்மையது. ஆதலின் நிலையான உணர்விழப்பைச் சொல்லும்போது ‘சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது’ என்று விரித்துரைப்பதே தகும்.

5. முழங்கால்: சவ்வும் மூட்டும்

நரம்பு என்பதற்குக் கையில் உள்ள இடம், சவ்வு என்பதற்கு முழங்காலில் உண்டு. மெல்லிய தோல்போன்ற படலம் என்பது சவ்வின் அகராதிப் பொருள். பேச்சில் ‘ஜவ்வு’ என்று ஒலிக்கும் இச்சொல் முழங்காலைப் பொறுத்தவரை மூன்று வேறுபட்ட உறுப்புகளுக்கு வழங்குகிறது.

(7) விளையாட்டில் கால் திரும்பி ‘ஜவ்வு அறுந்தது’ : தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்
(8) குந்தி எழும்போது ‘ஜவ்வு கிழிந்தது’ : அவ்விரு எலும்புகளுக்கும் இடையே அணைப்பாக உள்ள பிறைவடிவக் குருத்து
(9) முதுமையில் ‘ஜவ்வு தேய்ந்தது’ : எலும்பின் முனையைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு

மூன்றனுக்கும் மருத்துவம் வேறு. அறுந்த பிணைநாருக்கு மாற்றாக வேறு நாணை ஒட்டி அமைப்பர். கிழிந்த பிறைக்குருத்தைத் தைப்பர் அல்லது கிழிந்த பகுதியை நீக்குவர். குருத்தெலும்பு மிகவும் தேய்ந்தபோது செயற்கை மூட்டு பொருத்துவர். ‘ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்ட’ உறவினர் ஒருவர் ஒரு மாதத்தில் நடந்துவிட்டதைக் கண்ட நோயாளி, தமக்கும் அவ்வாறே ஆகும் என்று எதிர்பார்ப்பது சொல்லின் ஒருமையால் விளைவது. பிணைநார் மாற்றுக்குத் தொடையின் பின்புறத் தசைநாணை எடுப்பதுண்டு. பேச்சுவழக்கில் அது ‘நரம்பை எடுத்து ஜவ்வுக்கு வைத்தார்கள்’ என்றாகிறது. இத்தொடரில் நரம்பும் இல்லை, சவ்வும் இல்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பொதுமக்கள் பெயர்ச்சொல்லில் காட்டாத வேறுபாட்டை வினைச்சொல்லில் காட்டுகின்றனர். அறுதல் நாருக்கும், கிழிதல் பரந்த குருத்துக்கும், தேய்தல் மேற்பரப்புக்கும் உரியவையாக அமையும் போக்கு மேற்காட்டிய தொடர்களில் காணப்படுகிறது. இது முற்ற முடிந்த விதியன்று. பிணைநாருக்கும் ‘கிழிந்தது’ என்பதுண்டு. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் கூற்றைக் கேட்கும்போது பெயரைவிட வினைக்கு மிகுதியாகச் செவிசாய்ப்பது பயன்தரும்.

மூட்டு என்னும் சொல் இதற்கு மறுதலையானது. பொதுப்பொருளில் அது எந்த எலும்புச் சேர்க்கையையும் குறிக்கும். மருத்துவ விளம்பரங்களிலும் முதியோர் பேச்சிலும் அது முழங்காலாகச் சுருங்கிவிட்டது. ‘மூட்டு மாற்று அறுவை’ என்றால் இடுப்பு மூட்டை எண்ணுவோர் சிலரே. ‘முட்டி’ என்பதோ முழங்காலுக்கும் முழங்கைக்கும் மூடிய கைக்கும் வழங்குகிறது. ஆதலின் ஒப்புதல் படிவத்தில் முழங்கால் மூட்டு, இடுப்பு மூட்டு, விரல் மூட்டு என அடைகொடுத்தே எழுத வேண்டும்.

முறிவைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய தரவேறுபாடு உண்டு. சுளுக்கு, பிசகு, கீறல், முறிவு என்பன மக்கள் மனத்தில் ஏறுவரிசையில் நிற்கின்றன. மருத்துவத்தில் கீறலும் முறிவே. ‘கீறல்தான்’ என்று கேட்டவர் கட்டை முன்கூட்டியே அவிழ்க்கத் துணிவார்.

6. கை, கால், விரல்: உறுப்பின் எல்லை

தமிழில் கை என்பது தோளிலிருந்து விரல்நுனி வரையும், கால் என்பது இடுப்பிலிருந்து விரல்நுனி வரையும் செல்லும். மணிக்கட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதிக்குத் தனிப்பெயர் இல்லை. கணுக்காலுக்குக் கீழ்ப்பட்டதற்குப் ‘பாதம்’ என்னும் வடசொல் உண்டெனினும், பேச்சில் பலருக்கு அது உள்ளங்காலையே குறிக்கிறது. இதற்கு ஈடாக உள்ளங்கை, புறங்கை, முன்கை, உள்ளங்கால், குதிகால், கெண்டைக்கால் என்னும் கூட்டுச்சொற்கள் நுண்ணிய பகுப்பைத் தருகின்றன. கையின் 27 எலும்புகளுள் 8 மணிக்கட்டிலும், 5 உள்ளங்கையிலும், 14 விரல்களிலும் உள்ளன. பாதத்தின் 26 எலும்புகளுள் 7 கணுக்கால், குதிகால் பகுதியிலும், 5 நடுப்பாதத்திலும், 14 விரல்களிலும் உள்ளன. இப்பகுப்பைக் கூட்டுச்சொற்களாலேயே தடையின்றிச் சொல்ல முடிகிறது.

இடர் நேர்வது இரண்டு இடங்களில். முதலாவது, கணுக்காலும் கணைக்காலும். முன்னது பாதம் சேரும் மூட்டு. பின்னது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி. ஓரெழுத்து வேறுபாட்டால் இவை அச்சிலும் பேச்சிலும் ஒன்றுக்கொன்றாக வழங்குகின்றன. இரண்டாவது, விரல். கைவிரலும் கால்விரலும் ஒரே பெயர் பெறுவதோடு, பெருவிரல், சுண்டுவிரல் என்பனவும் இரண்டிலும் உண்டு. எண்ணால் குறிப்பதும் காப்பாகாது. ‘இரண்டாம் விரல்’ என்பது பெருவிரலைச் சேர்த்து எண்ணுவதா, விடுத்து எண்ணுவதா என்பதைப் பொறுத்து மாறும். ஆங்கில மருத்துவக் குறிப்புகளிலும் இவ்வையம் இருப்பதால், கை மருத்துவர்கள் எண்ணை விடுத்துப் பெயரையே ஆள்வர். ‘வலக்கை மோதிரவிரல்’ என்று பக்கம், உறுப்பு, பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுவதே தவறான விரலில் கத்தி படாமல் காக்கும்.

7. மானிப்பாய் மரபும் கலைச்சொற்களின் நிலையும்

இவ்வுறுப்புகளைத் தமிழில் முழுமையாக விவரிக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த கல்வியை 1864 முதல் தமிழுக்கு மாற்றினார். அவர் முயற்சியால் துரூயிட்டின் அறுவை நூல் ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் 1867-இலும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872-இலும் வெளிவந்தன.

அங்காதிபாதம் என்னும் ஆக்கம் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியப் பெயர்களின் வடிவை ஒத்தது. உறுப்புகளை வரிசைப்படச் சொல்லும் இலக்கிய மரபு ஒன்று தமிழில் உண்டு என்பதை அப்பெயர் கற்போர்க்கு நினைவூட்டுகிறது. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டதில் ஒலிபெயர்ப்பும் தமிழீறும் இணைகின்றன. தமிழ், வடமொழி, ஒலிபெயர்ப்பு மூன்றையும் தேவைக்கேற்பக் கொண்ட நெகிழ்ச்சி அதில் தெரிகிறது. அச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. சொல்லின் அமைப்பில் இருந்த குறையைவிட, அவற்றைக் கற்பித்தும் பேசியும் வந்த மாணவர் பரம்பரை தொடராமையே அதற்குப் பெரிய காரணமாகும்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கலைச்சொல்லாக்கம் தனித்தனியே நடந்தது. தமிழ்நாட்டுத் தமனியும் சிரையும் இலங்கையில் நாடியும் நாளமும் ஆயின. குருத்தெலும்பு அங்குக் கசியிழையம் ஆயிற்று. தமிழ்நாட்டில் நாடி என்றால் நாடித்துடிப்பே முதலில் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டு நூல்களுக்குள்ளேயே ‘தசைநார்’ என்பது ஓரிடத்தில் தசையை எலும்போடு இணைப்பதையும், வேறோரிடத்தில் எலும்பை எலும்போடு இணைப்பதையும் குறிக்கிறது. பேச்சுவழக்கின் மயக்கத்தை நீக்க வந்த கலைச்சொல் புதிய மயக்கத்தைத் தருவது இங்குத்தான்.

வடமொழியை நாடுவதும் தீர்வாகாது. ‘ஸ்நாயு’ என்னும் சொல் கன்னடத்தில் தசையையும், வங்காளியில் நரம்பையும், இந்தியில் பெரும்பாலும் பிணைநாரையும் குறிக்கிறது. பொதுச்சொல் என்ற தோற்றம் இருக்கிறதே தவிரப் பொதுப்பொருள் இல்லை.

8. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்டவற்றிலிருந்து, நோயாளிக்கான படிவம், அறிவுரைத்தாள், நேர்முக மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குச் சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, சொல்லோடு தொழிலையும் கூறுதல். தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. பிணைநார் என்பது எலும்பை எலும்போடு கட்டும் நார். நரம்பு என்பது உணர்வையும் ஏவலையும் கொண்டுசெல்வது. வில்லின் நாணை நினைவூட்டும் ‘தசைநாண்’, இழுவிசை என்னும் கருத்தையும் உடன் தருவதால் ‘தசைநார்’ என்பதினும் சிறந்தது. ஒரே ஆவணத்தில் இவ்விரண்டையும் கலந்து வழங்கலாகாது.

இரண்டாவது, நோயாளியின் சொல்லைத் தள்ளிவிடாமல் அதன் உட்பிரிவைக் காட்டுதல். ‘நீங்கள் நரம்பு என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு, ஒன்று விரலை இழுப்பது, மற்றொன்று தொட்டால் தெரியவைப்பது’ என்னும் விளக்கம் நரம்பு, நர, நஸ் ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே பொருந்தும். பிரேசர் டவுன் போன்ற இடத்தில் ஒரே விளக்கத்தை மூன்று மொழிகளிலும் வைக்க இது வழிசெய்கிறது.

மூன்றாவது, எது திரும்பும், எது திரும்பாது என்பதைத் தனித்தனி வாக்கியங்களாகச் சொல்லுதல். ‘சரியாகும்’ என்னும் வினை இவ்விரண்டையும் மறைத்துவிடும்.

நான்காவது, கேட்டவரைத் தம் சொற்களில் திரும்பக் கூறச் செய்தல். ‘புரிந்ததா’ என்னும் வினாவுக்கு ‘புரிந்தது’ என்பதே மரியாதை கருதி வரும் விடை. ‘வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்’ என்பது புரிதலை வெளிக்கொணரும் வினா.

அறுவைக்கு முன் நோயாளிக்குப் போதிய செய்தி தரப்பட்டிருந்தால்தான் ஒப்புதல் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பு ஒன்று வலியுறுத்தியுள்ளது. தவறாகப் புரிந்த சொல்லின் கீழ் இட்ட கையெழுத்து அந்நோக்கத்தை நிறைவேற்றாது. எனவே இந்நெறிகள் நடையழகைப் பற்றியவை அல்ல. ஒப்புதலின் தகுதியைப் பற்றியவை.

9. முடிவுரை

கை, பாதம், முழங்கால் அறுவையில் தமிழுக்குச் சொல் குறைவு என்பது பாதி உண்மையே. மக்களிடம் சொல் உண்டு. அகராதியிலும் சொல் உண்டு. அவ்விரண்டன் எல்லைகளும் பொருந்தாமையே சிக்கல். அதனை இன்னுமொரு சொல்லாக்கத்தால் மட்டும் தீர்க்க இயலாது. பொதுச்சொல்லின் பரப்பை அளந்து, அதன் உட்பிரிவுகளை நோயாளிக்குப் புலப்படுத்தும் விளக்கமே முதற்றேவை. அவ்விளக்கத்தோடு சேர்ந்து வழங்கும்போது தசைநாண், பிணைநார், பிறைக்குருத்து போன்ற கலைச்சொற்களும் வேரூன்றும். மானிப்பாயில் ஒரு தலைமுறை மருத்துவர்களிடையே தமிழ்க் கலைச்சொற்கள் வாழ்ந்தது அவை அன்றாடம் சொல்லப்பட்டதனால்தான். இன்று அச்சொற்கள் சொல்லப்பட வேண்டிய இடம் நோயாளியும் மருத்துவரும் எதிரெதிரே அமரும் அறையாகும். அங்கு நரம்பா நாணா என்னும் வேறுபாடு விளங்கப்பெற்றவர், உணர்வற்ற தம் விரலைத் தாமே காத்துக்கொள்வார்.